கோழி தலை தொங்குதா? அவசரப்பட்டு கத்தியை எடுக்காதீங்க!

காலையில பஞ்சாரத்தைத் தூக்குறீங்க. ரெண்டு கோழி எழும்பவே இல்லை. மூணாவது, கழுத்தைத் திருக்கிக்கிட்டு நிற்குது. உடனே வீட்டுல ரெண்டு யோசனை வரும். 'உயிர் போறதுக்குள்ள அறுத்துடு', 'சந்தையில தள்ளிடு'. ரெண்டுமே வேண்டாம்.

நெல்லைப் பக்கம் புறவாசல் கோழிகளைக் கொத்தாகக் கொண்டுபோவது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல்தான். ராணிக்கெட் என்பதும் இதுதான். இதற்குத் தடுப்பூசி உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னாடி குடற்புழு நீக்கினால் நல்லா வேலை செய்யும். கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் ஊர் ஊராக இலவச முகாம் நடத்தும். 'நாலு கோழிக்குப் போய் ஊசியா?' என்று ஆச்சி சிரித்தாலும், கூடையோடு தூக்கிக்கிட்டுப் போயிடுங்க.

ஆனால், பறவைக் காய்ச்சலுக்கு அந்த ஊசி காவல் இல்லை. சிக்கல் என்னன்னா, ரெண்டுமே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, முகம் வீங்குவது, அறிகுறியே இல்லாமல் அடுத்தடுத்து சாவது எல்லாம் பறவைக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டியவை. உறுதி செய்ய ஆய்வகத்தால்தான் முடியும். மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் வரை போகும்.

நம்ம ஊருக்கு ஏன் இந்தக் கவலை? குளமும் வயலும்தான் காரணம். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும். 2020-21 குளிர்காலத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் போங் அணையில் எச்5என்1 கிருமியால் ஆயிரக்கணக்கில் செத்த பறவைகளில் பெரும்பாலானவை இதே இனம்தான். அதுக்காகக் கூந்தன்குளத்தைக் குறை சொல்ல வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறவங்க. இன்னொரு பக்கம், பிசானம் அறுப்பு முடிந்த வயலில் மேய வரும் வாத்துக் கூட்டம். வாத்துக்குக் கிருமி இருந்தாலும் சில நேரம் வெளியே தெரியாது. 2024 ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழா மாவட்ட வாத்துப் பண்ணைகளில் எச்5என்1 உறுதியானது. அங்கே பரவும்போதெல்லாம் புளியரை சோதனைச்சாவடியில் லாரிகளுக்கு மருந்து அடிப்பது இதனால்தான்.

அதனால் அறுப்பு முடிந்து வாத்து மேயும் நாட்களில் உங்கள் கோழிகளை வயலுக்கு விடாதீங்க. குளத்துத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வையுங்கள். தவிடு, குருணையை முற்றத்தில் இறைக்காமல் கூரைக்குக் கீழே வைத்தால் காக்கா, கொக்கு வந்து கலக்காது. சந்தையில் வாங்கிய கோழியை ரெண்டு வாரம் தனியாக அடையுங்க. குளக்கரைக்குப் போன செருப்போடு கூண்டுக்குள் போகாதீங்க. பலரும் கோட்டை விடுற இடம் இது.

மீறிச் செத்தால்? வெறுங்கையால் தொடாதீங்க. தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ வீசவே கூடாது. பக்கத்து கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, அல்லது 1962-க்குப் போன் பண்ணுங்க. அவர்கள் வரும்வரை குழந்தைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள். மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம், ஆனால் ஆபத்தானது. 2021-இல் டெல்லி எய்ம்ஸில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயது சிறுவன் எச்5என்1-ஆல் இறந்தான். நோயுள்ள கோழியை அறுப்பதும் இறகு பிடுங்குவதும் சாப்பிடுவதைவிட ஆபத்து.

'சொன்னா இருக்கிறதையும் கொன்னுடுவாங்க' என்ற பயம் நியாயமானதுதான். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. மறைத்து வைத்துத் தானாகச் செத்த கோழிக்கு அதை எதிர்பார்க்க முடியாது. முட்டைக் காசை நம்பி இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் கூண்டும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.

கறியும் முட்டையும் சாப்பிடலாமா? நோயில்லாத கோழி என்றால் தாராளமாக. 70 டிகிரி சூட்டில் கிருமி செத்துடும், நம்ம குழம்புக் கொதி அதுக்கும் மேல. ஆஃப் பாயில் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.