வேரோடு வெட்டு!

1974-ம் வருடம். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடுகிறார். மயக்க ஊசி. அதற்கப்புறம் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

கட்டியில் ஒரு துணுக்கை வெட்டிப் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அங்கே அதை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால் தையல் போட்டு அனுப்பிவிடலாம். 'கான்சர்' என்று வந்தால்? அந்தப் பெண் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். சர்ஜன் மறுபடி கத்தியை எடுப்பார். மார்பு, அதற்கு அடியில் இருக்கும் தசை, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள், மொத்தமும் போய்விடும். கண் விழித்து, கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தால்தான் தனக்கு வந்திருந்தது கான்சரா, இல்லையா என்பதே அவருக்குத் தெரியும்.

அனுமதி? அதான் கையெழுத்து வாங்கியாயிற்றே!

இப்படிப்பட்ட ஒரு ஆபரேஷன், கொஞ்சநஞ்சமல்ல, கிட்டத்தட்ட எண்பது வருடம் உலகத்தை ஆண்டது. அதை ஆரம்பித்து வைத்தவர் வில்லன் ஒன்றும் கிடையாது. மகா மேதை.

வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டட். 1852-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆள் ஒரு மாதிரி. சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்புவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போக வைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக 1884-ல் கொகெய்னைத் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்தார். முடிந்தது. ஆனால் கொகெய்ன் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்க மார்ஃபின் கொடுத்தார்கள். கடைசிவரை அது விடவில்லை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி தொடங்கியபோது அங்கே போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸின் கைகள் கிருமிநாசினி பட்டுப் புண்ணாகிறதே என்று குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்துகொடுத்தார். அப்புறம் அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். இன்றைக்கு உலகத்தில் எந்த சர்ஜனும் கையுறை இல்லாமல் தியேட்டருக்குள் நுழைவதில்லை. அந்தக் காதலுக்கு நாம் எல்லாருமே கடன்பட்டிருக்கிறோம்.

ஹால்ஸ்டட் காலத்தில் மார்பகக் கட்டியை வெட்டி எடுத்தால், பெரும்பாலும் அதே தழும்புப் பக்கத்தில் மறுபடி முளைக்கும். ஏன் என்று யோசித்தார். கான்சர் ஒரு செடி மாதிரி, முதலில் பக்கத்தில் வேர்விட்டு, அங்கிருந்து அக்குள், அங்கிருந்து கழுத்து என்று படிப்படியாகத்தான் பரவுகிறது என்று நினைத்தார். அப்படியானால் மிச்சம் விட்ட வேர்தான் மறுபடி துளிர்க்கிறது. ஆகவே, வேரோடு வெட்டு! ஆபரேஷனுக்கு அவர் வைத்த பெயர் 'ரேடிகல்'. லத்தீனில் வேர் என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து பிறந்தது.

1894-ல் ஐம்பது பேருக்குச் செய்த ஆபரேஷன் கணக்கை வெளியிட்டார். வெட்டிய இடத்தில் கட்டி திரும்ப வந்தது மூன்றே பேருக்கு. மற்ற சர்ஜன்களின் கணக்கில் பாதிக்கு மேல் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவ உலகம் எழுந்து நின்று கைதட்டியது.

எல்லாம் சரி. ஆனால் ஒரு சின்ன விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. ஹால்ஸ்டட் அளந்தது, வெட்டிய இடத்தில் கட்டி திரும்புகிறதா என்பதை. அந்தப் பெண் பிழைத்தாரா என்பது வேறு கேள்வி. அந்தக் கணக்கை 1907-ல் அவரே கொடுத்தார். அக்குளுக்குப் பரவாதவர்களில் நிறையப் பேர் பிழைத்திருந்தார்கள். பரவியிருந்தவர்கள் பெரும்பாலும் இறந்துபோயிருந்தார்கள். அதாவது, கத்தி எவ்வளவு ஆழம் போனது என்பதைவிட, கத்தி வருவதற்குமுன் கான்சர் எங்கே போயிருந்தது என்பதுதான் தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கிறது. கணக்கு முகத்துக்கு எதிரே இருந்தது. அதிலிருந்து சர்ஜன்கள் எடுத்துக்கொண்ட முடிவு என்ன தெரியுமா? இன்னும் அதிகமாக வெட்டு.

வெட்டினார்கள். கழுத்தெலும்புக்குப் பின்னால் போனார்கள். நெஞ்செலும்பைத் திறந்து உள்ளே இருந்த முடிச்சுகளை எடுத்தார்கள். பிழைத்த பெண்களுக்கு நெஞ்சு ஒரு பக்கம் குழிந்துபோனது. பலருக்குக் கை வீங்கி, அந்த வீக்கம் ஆயுசுக்கும் வடியவில்லை. இத்தனைக்கும், குறைவாக வெட்டியதால் யாராவது செத்தார்களா என்று முறையாக ஒருவரும் பார்க்கவில்லை. பார்ப்பதே பாவம் என்று நினைத்தார்கள். ஹால்ஸ்டட்டின் சீடர்கள், சீடர்களின் சீடர்கள் எல்லாரும் பெரிய பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். குருவை யார் கேள்வி கேட்பது?

லண்டனில் ஒருவர் கேட்டார். ஜெஃப்ரி கெய்ன்ஸ். பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தம்பி. 1920-களில் செயின்ட் பார்தலோமியு ஆஸ்பத்திரியில், கட்டி இருந்த இடத்தில் ரேடியம் ஊசிகளைச் செருகிவைத்து கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார். சில பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியம் வைத்தார். பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சமமாகவே இவருடைய நோயாளிகளும் பிழைத்தார்கள். 1937-ல் எழுதியும் வைத்தார். அமெரிக்க சர்ஜன்கள் அதைச் சீந்தவில்லை.

இன்னொரு பக்கம், எக்ஸ்ரேக்காரர்கள் சத்தமில்லாமல் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற சர்ஜன், ஆபரேஷனில் வெட்டி எடுத்த சுமார் மூவாயிரம் மார்பகங்களை எக்ஸ்ரே பிடித்து, கான்சர் படத்தில் எப்படித் தெரிகிறது என்று 1913-லேயே எழுதினார். (யூதர். ஹிட்லர் வந்ததும் வேலை போனது. வதை முகாமுக்குப் போய் மீண்டவர். அவர் மகள், ஓவியர் ஷார்லட் சாலமன், ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.) உருகுவேயில் ரவுல் லெபோர்ன், ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் என்று பலர் கைபட்டு, 1960 வாக்கில் மேமோகிராம் நம்பும்படியான ஒரு படமாக வந்துவிட்டது. 1963-ல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் பரிசோதனைக்கு அழைப்பு விடுத்தார்கள். சில வருடங்களில், அழைக்கப்பட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது.

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. கையில் தட்டுப்படாத, பட்டாணி அளவுக் கட்டியைக்கூட இப்போது கண்டுபிடிக்க முடிகிறது. அந்தப் பட்டாணிக்கும் நெஞ்சைச் சுரண்டி எடுக்க வேண்டுமா?

இந்த இடத்தில்தான் பெர்னார்ட் ஃபிஷர் வருகிறார். பிட்ஸ்பர்க் சர்ஜன். பிராணிகளை வைத்துப் பரிசோதனை செய்தபோது, கான்சர் செல்கள் நிணநீர் முடிச்சில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதில்லை என்று கண்டார். ரத்தத்துக்கும் நிணநீருக்கும் இஷ்டப்படி போய் வருகின்றன. அப்படியானால் ஹால்ஸ்டட்டின் வேர்க் கதையே தப்பு. கட்டி இன்னும் பரவவில்லையா? சின்ன ஆபரேஷனே போதும். ஏற்கெனவே ரத்தத்தில் கலந்து எங்கேயோ போய்விட்டதா? நெஞ்சை எவ்வளவு வெட்டியும் புண்ணியமில்லை, மருந்துதான் துரத்திப் பிடிக்க வேண்டும்.

சொன்னால் நம்புவார்களா? நிரூபிக்க வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான். யாருக்குப் பெரிய ஆபரேஷன், யாருக்குச் சின்னது என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது. குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். 'உயிரோடு விளையாடுகிறார்' என்று சக சர்ஜன்கள் கொதித்தார்கள். பலர் தங்கள் நோயாளிகளை அனுப்ப மறுத்தார்கள். அமெரிக்கா, கனடா இரண்டிலும் அலைந்து, 1971-ல் ஆரம்பித்து, ஒருவழியாக 1,600-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டட் ஆபரேஷன். மற்றவர்களுக்குத் தசையை விட்டுவிட்டு மார்பை மட்டும் எடுப்பது, கதிர்வீச்சோடு அல்லது கதிர்வீச்சு இல்லாமல். யோசித்துப் பாருங்கள். எது நல்லதென்று யாருக்குமே தெரியாது என்று டாக்டரே சொல்லும்போது, சரி, குலுக்குங்கள் என்று அந்தப் பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பெரியவர்களாகத் தெரிவது அவர்கள்தான். ஒருவர் பெயரும் சரித்திரத்தில் இல்லை.

சரி, 1974-க்கு வருவோம்.

அந்த ஜூன் மாதம் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். லைப்ரரியில் உட்கார்ந்து படித்துத் தள்ளினார். "முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள். என்னை எழுப்பிச் சொல்லுங்கள். அப்புறம் நான் முடிவு செய்கிறேன்" என்பது அவர் கட்சி. சர்ஜன் மாற்றி சர்ஜனுக்கு போன் போட்டார். மாட்டேன், மாட்டேன் என்றார்கள். அலைந்துதான் தனக்கு வேண்டியதைச் சாதித்தார். ஆபரேஷனும் ஹால்ஸ்டட் வகையில் இல்லாமல், நெஞ்சுத் தசையை விட்டுவைக்கிற வகையில் செய்துகொண்டார்.

செப்டம்பர் மாதம் வெள்ளை மாளிகையிலிருந்து செய்தி. ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பில் கட்டி. குஷ்னருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராக வெள்ளை மாளிகைக்கே போன் போட்டார். தூக்கத்திலேயே வெட்ட விடாதீர்கள் என்று சொல்லத்தான். ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்று பதில் வந்தது. கவனியுங்கள், ஜனாதிபதி! செப்டம்பர் 28-ம் தேதி, மயங்கிக் கிடந்த பெட்டி ஃபோர்டுக்கு ஹால்ஸ்டட் ஆபரேஷன் நடந்து முடிந்தது.

இரண்டே நாள். செப்டம்பர் 30-ம் தேதி ஒரு கூட்டத்தில் ஃபிஷர் தன் ஆய்வின் முதல் கட்ட முடிவுகளைச் சொன்னார். பெரிய ஆபரேஷனுக்கும் சின்ன ஆபரேஷனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை!

பெட்டி ஃபோர்ட் விஷயத்தை மூடி மறைக்காமல் ஊருக்கே சொன்னது தனிப் புண்ணியம். அமெரிக்கப் பெண்கள் பரிசோதனைக்குக் கூட்டம் கூட்டமாகப் போய் நின்றார்கள். (அவர் 2011 வரை, 93 வயது வாழ்ந்தார்.) 1979-ல் அரசு ஒரு நிபுணர் குழுவைக் கூட்டியபோது அதில் டாக்டர் அல்லாத ஒரே ஆளாக ரோஸ் குஷ்னர் உட்கார்ந்திருந்தார். சோதனை ஒரு நாள், ஆபரேஷன் இன்னொரு நாள் என்று குழு சொன்னது. ஹால்ஸ்டட் ஆபரேஷன் இனி வழக்கமான சிகிச்சை இல்லை என்றும் சொன்னது.

ஃபிஷர் அதோடு விடவில்லை. மார்பையே எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்தால்? 1976-ல் அடுத்த குலுக்கல். மிலானில் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடம் அதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மிலான் 1981-ல் பதில் சொன்னது, ஃபிஷர் 1985-ல் சொன்னார். இரண்டும் ஒரே பதில். மார்பு மிஞ்சுகிறது, உயிருக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை. ஆனால் கட்டியை எடுத்தபின் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே மார்பில் கட்டி திரும்பும் வாய்ப்பு அதிகம்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். 1994-ல் ஒரு குண்டு விழுந்தது. ஃபிஷரின் ஆய்வில் பங்கெடுத்த ஒரு மான்ட்ரியல் டாக்டர், தகுதியில்லாத சிலரைச் சேர்ப்பதற்காகத் தேதிகளைத் திருத்தியிருக்கிறார் என்று பத்திரிகையில் வந்தது. மார்பைக் காப்பாற்றிக்கொண்ட பெண்கள் நடுங்கிப்போனார்கள். நான் தப்பான சிகிச்சைக்கா சம்மதித்தேன்? ஃபிஷரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். அந்த டாக்டரின் நோயாளிகள் எல்லாரையும் கழித்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். விடை மாறவில்லை. ஃபிஷர் வழக்குப் போட்டார். 1997-ல் அவருடைய பல்கலைக்கழகமே மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்தது.

2002 அக்டோபரில் ஒரே மருத்துவ இதழில் பிட்ஸ்பர்க் கணக்கும் மிலான் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. இருபது வருடம் விடாமல் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு. மார்பை எடுத்தவர்கள், வைத்துக்கொண்டவர்கள், இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் பிழைத்திருந்தார்கள். ஃபிஷருக்கு அப்போது 84 வயது. 2019-ல் அவர் இறந்தபோது 101.