வந்தவரா, திரும்பியவரா?

அரபு மொழியில் ‘ஹஜர’ என்னும் வினைக்கு விட்டுப் பிரிதல், தொடர்பறுத்தல் என்று பொருள். ‘முஹாஜிர்’ என்பவர், தாம் விட்டு வந்த இடத்தால் பெயர் பெற்றவர். தமிழில் நாம் ‘குடியேறியவர்’ என்கிறோம். அச்சொல் வந்து சேர்ந்த இடத்தைச் சுட்டுகிறது. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது சொல் ஒன்று 1960களில் நம் நாட்டில் வழக்குக்கு வந்தது. பர்மாவிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய மக்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு ஏடுகள் குறித்தன. அப்பெயர் அவர்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே நம் வினா.

சென்னையின் வடபகுதி, வந்தோரை ஏற்றுப் பழகிய பகுதி. ஆர்மேனியர் தம் தெருவில் 1772-இல் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. ராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயில் 1910-இல் அமைந்தது. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் மண்ணடியில் கடை வைத்துக் காலூன்றிய கதையை நம் வாசகர் பலர் தம் பாட்டனார் வாயிலாகவே கேட்டிருப்பர், விரிக்க வேண்டுவதில்லை. ஆயின் இக்கடற்கரை உள்ளே வருவோர்க்கு மட்டும் வாசலாக இருக்கவில்லை. வெளியே போனவர்களும் இவ்வழியேதான் போனார்கள்.

1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஐராவதி முகத்துவாரக் காடுகள் நெல் வயல்களாயின. வயலுக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. தமிழகத்திலிருந்து கூலிகள் போயினர். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தனர். அங்கே ‘சூலியா’ என்று அழைக்கப்பெற்ற நம் தமிழ் முஸ்லிம்கள் வணிகம் நடத்தினர், பள்ளிவாசல் எழுப்பினர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூன் நகரத்தாரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அப்படியானால் ரங்கூனையும் ஒருவகையில் தமிழர் கட்டிய நகரங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம் அல்லவா?

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். வழியில் மடிந்தோர் பல்லாயிரம். போர் ஓய்ந்ததும் அவர்களுள் பலர் மீண்டும் ரங்கூனுக்கே கப்பலேறினர் என்பது கருதத்தக்கது. தாம் எதை ஊர் என்று எண்ணினார்கள் என்பதைக் கால்களால் சொல்லிவிட்டார்கள்.

1962 மார்ச்சு 2-இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டாண்டுகளில் வங்கிகளும் வணிகமும் அரசுடைமையாயின. சில்லறைக் கடைகளும் தப்பவில்லை. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. சேமிப்பு ஓரிரவில் காகிதமாயிற்று. கப்பலேறியவர்கள் கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்டதோ மிகச் சொற்பம். பெண்கள் அணிந்த நகைக்கும் வரம்பு இருந்தது. அதே 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கை மலையகத்திலிருந்து வந்தோர்க்கும் பிற்பாடு இதே பெயர்தான் கிடைத்தது.

சென்னையில் அவர்களுக்குக் கிடைத்த இடங்கள் வியாசர்பாடி, எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கங்கள். எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் ஏற்கெனவே வந்திருந்தன. ஆலைப் பகுதியில் கூலிவேலைக்கேனும் வழியிருந்தது. துறைமுகத்தருகே நடைபாதையில் சிறு கடைகள் போட்டவர்களால் ‘பர்மா பஜார்’ உண்டாயிற்று. அதனருகே அத்தோவும் மொய்ங்காவும் விற்கும் வண்டிகளைச் சென்னைவாசிகள் இன்று வேற்றூர்ப் பண்டமென்று கருதுவதில்லை. மாலையில் அவ்வழி போகும்போது நாமும் நின்று உண்டதுண்டு.

எல்லோரும் நிலைக்கவில்லை. இங்கே பிழைக்க வழியற்ற சிலர் தரைவழியாகப் பர்மாவுக்கே மீளப் புறப்பட்டனர். எல்லையில் பர்மிய அதிகாரிகள் தடுக்கவே, மணிப்பூரின் கடைக்கோடி ஊரான மோரேயில் தங்கித் தமிழ்ச் சங்கமும் கோயிலும் கண்டனர். தாயகம் திரும்பியவர் எதற்காக அத்தனை தொலைவு நடந்து மறுபடியும் வெளியேற வேண்டும்? திரும்புவோனை அரபியில் ‘ஆயித்’ என்பர்; முன்பு இருந்த இடத்துக்கு மீள்பவனுக்கே அப்பெயர் தகும். பர்மாவில் பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டை முதன்முதலாகக் கப்பல் தளத்திலிருந்து பார்த்தவர் எங்ஙனம் ஆயித் ஆவார்? பெயர் அன்போடு இடப்பட்டதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் இழந்தது ஓர் ஊர் என்பதை அது மறைத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதவந்த பிள்ளை ஒருவனுக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்ப எர்ணாவூர் சென்றிருந்தோம். ‘சொந்த ஊர்’ என்றிருந்த இடத்தில், இராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சொன்னார் தகப்பனார். அதை அவர் ஒரேயொரு முறை பார்த்திருக்கிறாராம். உள்ளறையிலிருந்து பாட்டியாரின் குரல் வந்தது: “ரங்கூன்னு எழுதுங்க ஹஜ்ரத்.” பையனைக் கேட்டோம். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. தன் தெருவின் பெயரைச் சொன்னான். படிவம் அவனுடையது; எர்ணாவூர் என்றே எழுதினோம். பாட்டியார் அன்று நமக்குத் தேநீர் தரும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை.