பாட்டனுக்கு ஒரு பள்ளிப்படை

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் நெருங்கும்போது, காவிரிப் படுகைச் சிற்றூர்களில் பேரப்பிள்ளைகள் பாட்டன் பாட்டியரின் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பர்; மழையில் மங்கிய பெயரை மீண்டும் எழுதுவர். அவர்களுள் சிலர் அந்தப் பாட்டனைக் கண்டதுகூட இல்லை. இதே கடனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையிலிருந்து ஆண்ட ஒரு பேரனும் செய்தான்.

முதலாம் இராசராசன் என்றதும், 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலே நம் கண்முன் எழும். தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு அவன் எடுப்பித்த கோயிலோ மிகச் சிறியது, தஞ்சையிலும் இல்லை. காவிரிக்கு வெகு தொலைவில், வேலூரை அடுத்த திருவல்லத்துக்கு வடக்கே, பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் அது நிற்கிறது. அரிஞ்சிகை ஈச்சுரம் என்பது அதன் பழம்பெயர். ஆற்றூரில் துஞ்சிய தேவருக்குப் பள்ளிப்படையாக இராசராசன் எடுப்பித்தது என்று அதன் கல்வெட்டே கூறுகிறது.

மறைந்த மன்னரை அவர் உயிர்நீத்த இடத்தால் சுட்டுவது சோழர் வழக்கம். அரிஞ்சயனின் தமையன் இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சியவன். மகன் சுந்தரசோழன் பொன்மாளிகையில் துஞ்சியவன். இறந்தான் என்று கல்லில் வெட்ட மனம் வரவில்லை போலும்! பள்ளி என்பதும் துயிலைக் குறிப்பதே. ஆதிக் கிறிஸ்தவர்கள் தம் இடுகாட்டைக் குறிக்கக் கொண்ட கிரேக்கச் சொல்லுக்கும் துயிலிடம் என்பதுதான் பொருள்.

அரிஞ்சயன் வெற்றிவாகை சூடிய வேந்தன் அல்லன். 949-இல் தக்கோலப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனிடம் சோழர் தோற்றனர். இராசாதித்தன் களத்திலேயே மாண்டான். தொண்டை நாடு கைநழுவியது. ஒடுங்கிக் கிடந்த அரசை அரிஞ்சயன் ஆண்டது சிறிது காலமே. 959-இல் கிருட்டிணன் மேல்பாடியில் பாசறை அமைத்துத் தங்கி, வென்ற நாடுகளைத் தன்னைச் சார்ந்தோருக்குப் பங்கிட்டதைக் கர்காட் செப்பேடு உரைக்கிறது. அந்த ஊர் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

பகைவன் கூடாரம் அடித்த மண்ணிலேயே பேரன் கற்றளி எழுப்பினான். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 985-இல் அரியணை ஏறியவன், கால் நூற்றாண்டுக்கு முன் மறைந்தவரை எண்ணிப் பார்த்திருக்கிறான். தோற்றுப்போன தலைமுறையின் பெயர் அங்கே நிலைக்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறான்.

அந்தக் குடும்பமே அப்படித்தான். அக்காள் குந்தவை, தந்தையின் செப்புத் திருமேனியைப் பெரிய கோயிலில் எழுந்தருளுவித்தாள். மகன் இராசேந்திரன், சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குக் கும்பகோணத்தை அடுத்த பழையாறைப் பகுதியில் பள்ளிப்படை எடுத்தான்.

கல்லை நட்டதோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. விளக்கு எரிய வேண்டும். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பது சோழர் கால வழக்கம். நாள்தோறும் அவர்கள் நெய் அளக்க வேண்டும். கிழடு கழியக் குட்டி நிரப்பும். கணக்கில் 96 குறையாது. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர், சாவா மூவாப் பேராடு.