இடப்பக்கப் பொருளடக்கம் பிறந்த கதை

மென்பொருளுக்கு இணையத்தில் கையேடு எழுதுகிறவர்களை முதலில் திணறடிப்பது எழுத்து அல்ல, வழி. பக்கங்களின் பட்டியலை மேலே வரிசையாக வைப்பதா, இடப்பக்கம் கிளைகிளையாக விரிப்பதா, தேடுபெட்டி ஒன்றே போதுமா?

குமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்து ஊர்தான் என்பது இங்குள்ளவர்களின் நெடுநாள் நம்பிக்கை. மொழியின் இயக்கத்தை விளக்கும் அந்தக் கையேடு, தன்னை எப்படி அடுக்க வேண்டும் என்பதையும் தானே சொல்லிவிடுகிறது. ஒரு பொருளைச் சொல்வது சூத்திரம். ஒரே இனத்தவற்றைச் சேர்த்து வைத்தால் ஓத்து. பலவற்றுக்கும் பொதுவானதைச் சொல்வது படலம். இம்மூன்றையும் அடக்கியது பிண்டம். ‘பின்னால் சொல்வோம்’, ‘முன்பே சொன்னோம்’ என்று ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கைகாட்டுவதும் அதன் 32 உத்திகளில் அடங்கும். அடுக்கும் இணைப்பும் இரண்டுமே அங்கே இருக்கின்றன. ஆனால் அன்றைய மாணவன் முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்தான். நடுவில் வந்து விழவில்லை.

இன்றைய வாசகனைத் தேடுபொறி நடுப்பக்கத்தில்தான் இறக்கிவிடுகிறது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி திரையைச் சட்டங்களாகப் பிரிக்க வழி செய்தது. இடச்சட்டத்தில் பொருளடக்கம் அசையாமல் நிற்க, வலப்பக்கம் மட்டும் மாறியது. 1997இல் மைக்ரோசாஃப்ட்டின் உதவிக் கோப்புகளும் பொருளடக்கம், அகரவரிசை, தேடல் மூன்றையும் இடப்பக்கமே வைத்தன. சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. உள்ளே பக்கம் மாறினாலும் மேலே முகவரி மாறாது. உள்பக்கத்தை நேராகத் திறந்தாலோ பொருளடக்கம் காணாமல் போகும். அதனால்தான் சட்டங்கள் வழக்கொழிந்தன, நல்லதாயிற்று.

2008இல் பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியார்க் பிராண்டல் ஸ்ஃபிங்ஸ் கருவியை வெளியிட்டார். பக்கங்களின் வரிசையை எழுதுபவர் ஒருமுறை குறித்தால் போதும். அடுக்கு, முந்தைய பக்கம், அடுத்த பக்கம் எல்லாம் தாமாக அமையும். 2010இல் ரீட் த டாக்ஸ் தளம் வந்தது. பின்னர் அதன் கருநிற இடப்பட்டியல் எண்ணற்ற கையேடுகளுக்கு முகமாயிற்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி, கூடவே முழுப் பட்டியல்: சட்டத்தால் முடியாதது இங்கே முடிந்தது.

நூறு பக்கம் தாண்டும் கையேட்டுக்கு இடப்பட்டியலே சரி என்பது என் முடிவு. மேற்பட்டை சில தலைப்புகளோடு நிரம்பிவிடும். எதைத் தேடுவதென்றே தெரியாதவனுக்குத் தேடுபெட்டி உதவாது. அடுக்கு மூன்றைத் தாண்டக்கூடாது. வாசகன் நிற்கும் பக்கம் பட்டியலில் பளிச்செனத் தெரிய வேண்டும். கைப்பேசியில் பட்டியல் பொத்தானுக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால், தலைப்புக்கு மேலே வந்த வழியை ஒரு வரியில் காட்டுங்கள். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் பக்கத் தலைப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி இனம் பிரித்துப் பாருங்கள்.