பாதாம் பாலை அரைத்த கைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் பாதாம் பால் என்றால் மாட்டுப்பாலைச் சுண்டக் காய்ச்சி, பாதாம் விழுது, சர்க்கரை, குங்குமப்பூ போட்டது. கல்யாண வீட்டில் சூடாக ஒரு டம்ளர் கொடுப்பார்களே, அது. நான் பேசப்போவது மாடே இல்லாத பாதாம் பால். ஊறவைத்த பாதாமைத் தோல் உரித்து, தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டினால் வரும் வெள்ளைத் திரவம். தேங்காய்ப்பால் எடுப்பதும் கிட்டத்தட்ட இதேதான், தேங்காய்க்குப் பதில் பாதாம்.

இப்போது இதற்கென்றே மெஷின் விற்கிறார்கள். ஒரு பிடி பாதாமோ முந்திரியோ போட்டு, தண்ணீர் ஊற்றி, பட்டனைத் தட்டினால் சில நிமிடத்தில் பால். விளம்பரங்களைப் பார்த்தால் நேற்றுதான் யாரோ கண்டுபிடித்த ஆரோக்கிய பானம் மாதிரி இருக்கும். ஆனால் செய்முறை அறுநூறு வருடத்துக்கு மேல் பழையது, பெரிதாக மாறவும் இல்லை. மாறியதெல்லாம் யாருடைய கை அரைத்தது என்பதுதான். எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டதும் அதுதான்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்ற சமையல் நூலைப் புரட்டினால் பாதாம் பால் எங்கே பார்த்தாலும் வரும். சூப்பில், மீன் குழம்பில், அரிசிக் கஞ்சியில். ‘பிளாங்மாஞ்சே’ என்ற புகழ்பெற்ற வெள்ளை உணவே அரிசி, கோழிக்கறி, பாதாம் பால் சேர்ந்ததுதான். பிரான்சின் அரசியாக இருந்த ழான் தெவ்ரோவின் 1372-ஆம் ஆண்டு இருப்புப் பட்டியலில் சர்க்கரை வெறும் 20 பவுண்டு, பாதாம் 500 பவுண்டு என்று சொல்வார்கள். ஒரு வீட்டுக் களஞ்சியத்தில்!

ஏன் இவ்வளவு? முதல் காரணம் விரதம். அன்றைய கத்தோலிக்க ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் 40 நாள், அதோடு வெள்ளிக்கிழமைகள், இன்னும் பல நோன்பு நாட்கள் என வருடத்தில் கணிசமான நாட்களில் இறைச்சி கூடாது. தவக்காலத்தில் பால், வெண்ணெய், முட்டையும் கூடாது. மீன் சாப்பிடலாம், பாதாம் சாப்பிடலாம். இரண்டாவது காரணம் ரொம்ப நடைமுறையானது. ஃபிரிட்ஜ் இல்லாத உலகத்தில் கறந்த பால் சீக்கிரமே கெட்டுவிடும். பாதாம் ஓட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். வேண்டும்போது வேண்டிய அளவுக்குப் பால் எடுத்துக்கொள்ளலாம். தவிர, பாதாம் பாலைக் கொதிக்கவைத்தால் கெட்டிப்படும், குழம்புக்கு அது வசதி. முழுக்க ஐரோப்பியர்களின் யோசனை என்றும் சொல்ல முடியாது. பாதாமை அரைத்துக் குழம்பைக் கெட்டியாக்குவது அரபுச் சமையலில் நன்றாக வேரூன்றிய வழக்கம். 10-ஆம் நூற்றாண்டு பாக்தாத்தின் அல்-வர்ராக் எழுதிய சமையல் நூலிலேயே நோன்பிருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் என்று தனியாக இறைச்சியில்லாத உணவுகள் உண்டு.

சரி, அரைத்தது யார்? நூல்கள் ‘பாதாமை நன்றாக இடித்துக்கொள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த ஒரு வரிதான் உண்மையில் மொத்த வேலையும். கல் உரலில், மர உலக்கையால், அரண்மனைச் சமையலறையின் கடைநிலைப் பையன்கள் மணிக்கணக்கில் இடித்திருப்பார்கள். விருந்துக்கு நூற்றுக்கணக்கான பேர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர் நூலில் நிற்பது தலைமைச் சமையல்காரருடையது. தோள்பட்டை வலி பையனுடையது.

அந்தப் பையனுக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: இடிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் விட்டுவிடும். இதன் காரணம் பின்னால் வரப்போகும் மெஷின்களுக்கும் முக்கியம். கொட்டைகளுக்குள் எண்ணெய் சும்மா ஊறிக் கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய புரதத் தோல் போர்த்தி இருக்கிறது. தண்ணீரோடு அரைத்தால் அந்த உருண்டைகள் தோலோடு வெளியே வந்து தண்ணீரில் மிதக்கும். அதனால்தான் அது வெள்ளையாக, பால் மாதிரி தெரிகிறது. தண்ணீர் இல்லாமல் அரைத்தால் தோல் கிழிந்து எண்ணெய் ஒன்றாகச் சேர்ந்துவிடும், கிடைப்பது பால் அல்ல, பாதாம் வெண்ணெய். ஒரே கொட்டை, ஒரே உரல். தண்ணீர் எப்போது சேர்கிறது என்பதில்தான் எல்லாம்.

இதெல்லாம் பணக்காரர் விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வட ஐரோப்பாவில் பாதாம் விளையாது. தெற்கிலிருந்து கப்பலில் வர வேண்டும். சாதாரணக் குடியானவன் தவக்காலத்தில் உப்பு மீனும் பட்டாணிக் கஞ்சியும்தான் சாப்பிட்டான். கொஞ்சம் காசு இருந்தவர்கள் திருச்சபைக்குப் பணம் கட்டி, நோன்பு நாளிலும் வெண்ணெய் சாப்பிட அனுமதி வாங்கினார்கள். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடித்த கோபுரம் ஒன்றுக்கு ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர். அப்படி வந்த பணத்தில் எழும்பியது என்பதால். மார்ட்டின் லூதர் திட்டிய விஷயங்களில் இந்த வெண்ணெய் வியாபாரமும் ஒன்று. சீர்திருத்தத் திருச்சபைகள் பரவிய நாடுகளில் நோன்புக் கட்டாயம் தளர்ந்ததும் பாதாம் பாலின் தேவையும் போய்விட்டது. பிளாங்மாஞ்சே காலப்போக்கில் கோழியை விட்டு, பாதாமையும் விட்டு, மாட்டுப்பாலும் சோளமாவும் சேர்ந்த இனிப்பாக மாறிவிட்டது.

பெயர் மட்டும் தங்கியது. அதில் ஒரு வேடிக்கை. ‘பால் என்ற சொல்லை விலங்குகளிடம் கறந்ததற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்’ என்று 2017 ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டோஃபுடவுன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கு அது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு விலக்குப் பட்டியல் உண்டு, பழங்காலத்திலிருந்து புழங்கும் பெயர்களுக்காக. அதில் பிரெஞ்சு மொழியில் பாதாம் பாலுக்கு இடம் இருக்கிறது. சோயாப் பாலுக்கு இல்லை! நம் நாட்டிலும் 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவர பானங்களை ‘பால்’ என்று விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விதிவிலக்கு. நியாயம்தான், தேங்காய்ப்பாலை வேறு என்னவென்று சொல்வது?

இனி மெஷினுக்கு வருவோம். பாதாம் பாலைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவர முயன்ற முதல் கூட்டங்களில் ஒன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் க்ரீக் என்ற ஊரில் இருந்தது. அங்கே சைவ உணவை மத நம்பிக்கையாகவே வைத்திருந்த செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையின் சானிடோரியம் ஒன்றை ஜான் ஹார்வி கெலாக் நடத்தினார். கார்ன்ஃப்ளேக்ஸ் கெலாக்தான். இறைச்சிக்கும் பாலுக்கும் மாற்றாக அவர் பிடித்துக்கொண்டது கொட்டைகளை. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் லாம்பர்ட் வெளியே வந்து, 1896 வாக்கில் கையால் சுற்றும் சின்ன அரவை மில் ஒன்றை விற்கத் தொடங்கினார். மனைவி அல்மீடா லாம்பர்ட் 1899-இல் கொட்டைச் சமையலுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். மில்லில் அரைத்த விழுதில் சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்துக் கரைத்தால் கிரீம், இன்னும் சேர்த்தால் பால். கணவர் மெஷின் விற்கிறார், மனைவி அந்த மெஷினால் என்ன செய்யலாம் என்று எழுதுகிறார். இன்றைய யூடியூப் சேனல்கள் செய்வதும் இதைத்தான்.

அந்த மில்லையும் ஒரு கை சுற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அரண்மனைப் பையன்கள் தேவையில்லை, ஒரு குடும்பத்தலைவி போதும். இதை முன்னேற்றம் என்று சொல்வதா, வேலை கைமாறியது என்று சொல்வதா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. காந்தி 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைக் கைவிட்டார். 1918-இல் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து சாகும் நிலைக்குப் போனபோது, பாலுக்கு மாற்று என்ன என்று மருத்துவர்களையும் வைத்தியர்களையும் கேட்டார். பயற்றங்கஞ்சித் தண்ணீர் சொன்னவர்கள் உண்டு, இலுப்பை எண்ணெய் சொன்னவர்கள் உண்டு, பாதாம் பால் சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றையும் முயன்று உடம்பு இன்னும் நொந்ததுதான் மிச்சம் என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். கடைசியில் கஸ்தூரிபா, சபதம் எடுத்தது பசு, எருமைப் பாலுக்குத்தானே என்று ஆட்டுப்பாலைக் காட்டினார். குடித்தார், பிழைத்தார், ஆனால் அந்தச் சமரசம் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

பாதாம் பால் ஏன் கைகொடுக்கவில்லை? நோயே அப்படி என்பது ஒருபுறம். கணக்கும் சாதகமாக இல்லை. ஒரு பிடி பாதாம் சுமார் 30 கிராம், அதில் புரதம் 6 கிராம்தான். வடிகட்டும்போது அதிலும் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். ஒரு லிட்டர் பசும்பாலில் 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. நிறம் ஒன்றாக இருப்பதால் சத்தும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். இன்று கடையில் பெட்டியில் விற்கும் பாதாம் பால் பலவற்றில் பாதாம் 2, 3 சதவீதம்தான். வீட்டில் ஒரு கப் பாதாமுக்கு நாலு கப் தண்ணீர் என்று எடுத்தால் அதைப்போல நாலைந்து மடங்கு கெட்டியாக இருக்கும். வீட்டில் செய்வதற்கு நான் ஏற்றுக்கொள்ளும் ஒரே வாதம் இதுதான்.

மின்சாரம் வந்த கதைக்கும் பாதாமுக்கும் தொடர்பே இல்லை. அது ஹார்லிக்ஸால் வந்தது. ஆமாம், நம்ம வீட்டு ஹார்லிக்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரேசின் என்ற ஊரில் ஹார்லிக்ஸ் தயாரானது. அதே ஊரில் வாழ்ந்த, போலந்திலிருந்து குடியேறிய ஸ்டீஃபன் பொப்லாவ்ஸ்கி, சோடாக்கடைகளில் மால்ட் பானம் கலக்க ஒரு கருவி செய்தார். பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடு, 1922. இன்று நம் மிக்ஸி ஜார் இருக்கிறதே, அதன் அடிப்படை யோசனை அதுதான். பின்னர் ஃப்ரெட் வாரிங் என்ற இசைக்குழுத் தலைவர் முதல் போட்டு, பெயரும் கொடுத்து, 1937-இல் சிகாகோ உணவகக் கண்காட்சியில் ஒரு பிளெண்டரை இறக்கினார். மதுக்கடையில் காக்டெயில் கலக்கவும், பின்னால் ஆய்வுக்கூடங்களில் திசுக்களை அரைக்கவும் போனது. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சியில் ஜோனாஸ் சால்க் பயன்படுத்தியதும் வாரிங் பிளெண்டர்தான்.

ஆனால் மென்மையான பானம் கலக்கப் பிறந்த கருவி, இந்தியச் சமையலறையில் மண்ணைக் கவ்வியது. காய்ந்த மஞ்சள், ஊறவைத்த பருப்பு, தேங்காய் எல்லாம் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். மும்பையில் மாதுரி மாத்தூர் வைத்திருந்த பிரவுன் நிறுவன பிளெண்டர் அப்படித்தான் பழுதானது. இங்கே பழுதுபார்க்கவும் வழியில்லை. அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் பொறியாளர். நம் அரவைக்குத் தாங்கும் மோட்டாரோடு அவர் செய்ததுதான் சுமீத் மிக்ஸி, 1963. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் முன்னால் குனிந்து உட்கார்ந்த முதுகுகளுக்கு அந்த மோட்டார் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயைத் திரும்பத் திரும்ப அரைத்து எடுப்பது அதன்பிறகு ஐந்து நிமிட வேலையானது. பிழிவது மட்டும் கையோடு நின்றுவிட்டது.

பிழிவதையும் காய்ச்சுவதையும் மெஷினுக்குள் கொண்டுபோனது சீனாவின் ஜினான் நகரம். அங்கே காலையில் சோயாப் பால் குடிப்பது பழைய வழக்கம். ஆனால் சோயாவைப் பச்சையாகக் குடிக்க முடியாது, நன்றாகக் கொதிக்க வேண்டும். கொதிக்கும்போது நுரை பொங்கி வழியும், அடியும் பிடிக்கும். 1994-இல் வாங் ஷுநிங் என்பவர் அரைப்பதையும் காய்ச்சுவதையும் ஒரே குடுவையில் வைத்து, நுரை மேலே வந்தால் தானாகவே சூட்டைக் குறைக்கும் கருவியைச் செய்தார். அதுதான் ஜோயங் நிறுவனத்தின் தொடக்கம். 2008-இல் சீனாவில் குழந்தைப் பால்பவுடரில் மெலமைன் கலந்த கொடுமை வெளியே வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்ததாக அரசே சொன்னது. கடைப் பாலை நம்ப முடியாது என்று ஆனதும் சோயாப் பால் மெஷின் விற்பனை எகிறியது. இரண்டாம் ரிச்சர்டின் காலத்தில் நோன்பு, பேட்டில் க்ரீக்கில் நம்பிக்கை, இங்கே பயம்.

இப்போது ‘நட் மில்க் மேக்கர்’ என்று பாதாமுக்கும் முந்திரிக்கும் வரும் கருவிகளில் பலவும் இந்தச் சோயாக் குடுவையின் வழிவந்தவைதான். அதனால்தான் பாதாமுக்குத் தேவையே இல்லாத சூடேற்றும் வசதி அவற்றில் இருக்கிறது. பச்சைப் பாதாமுக்கு அந்தப் பட்டனைத் தொட வேண்டாம். சூடேறினால் கெட்டியாகிக் கஞ்சி மாதிரி ஆகிவிடும், ரிச்சர்டின் சமையல்காரர்கள் வேண்டுமென்றே செய்ததுபோல. நல்ல மிக்ஸி இருந்தால் இந்த மெஷினே வேண்டியதில்லை என்பது என் கட்சி. முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு மீதி. தொடர்ந்து ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டினால் ஜார் சூடாகாது. வடிகட்ட பழைய வேட்டித்துணி போதும். புது மெஷின்காரர்கள் அதிகம் புலம்புவதும் வடிகட்டி வலையில் ஒட்டிய சக்கையைத் தேய்த்துக் கழுவுவதைப் பற்றித்தான். அந்த வேலையை இன்னும் எந்த மோட்டாரும் எடுத்துக்கொள்ளவில்லை.