ஷெர்லொக் ஹோம்ஸுக்கு இரண்டு வருசம் முந்திய எங்கள் மர்மக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு மர்மக் கதை எழுதி வரச் சொன்னோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் லண்டனிலும் சென்னையிலும் நடந்தன. மன்னாரில் ஒரு களவுகூட இல்லை! கேட்டால், "இங்க என்ன சேர் மர்மம் இருக்கு?" என்கிறார்கள்.

ஷெர்லொக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் வந்தது 1887இல். அதற்கு இரண்டு வருசம் முன்பே, 1885இல், 'அஸன்பேயுடைய கதை' வந்துவிட்டது. எழுதியவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை. இலங்கையின் முதல் தமிழ் நாவல் அது. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை, பாடசாலைகள் என்று அவரைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். கதைக்காரராக அவரை யாரும் நினைப்பதில்லை.

மிஸ்ர் நாட்டில் பெரிய குடும்பத்தில் பிறந்த ஆண் குழந்தை களவுபோகிறது. தான் யாருடைய பிள்ளை என்று தெரியாமல் பம்பாயில் வளர்கிறது. பிறகு கல்கத்தா, எதிரிகள், ஆபத்துகள், கடைசியில் பெற்றோர். துப்பறியும் நாவல் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் வாசகரை இழுத்துப் போவது ஒரு களவும் அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் உண்மையும்தான்.

சித்திலெப்பை நீதிமன்றத்தில் வேலை பார்த்த சட்டத்தரணி. 1879இல் வந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். இரண்டு பேருமே கோட்டுக்காரர்கள்! இது வெறும் தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு துண்டுதான் தெரியும். எந்தத் துண்டு எப்போது வெளியே வருகிறது என்பதில்தான் வழக்கு நிற்கும். மர்மக் கதையும் அப்படித்தான்.

கண்டிக்காரர் ஏன் மிஸ்ரைப் பற்றி எழுதினார்? 1882இல் ஆங்கிலேயரிடம் தோற்ற அறபி பாஷாவை அடுத்த வருசம் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். அவரோடு சித்திலெப்பைக்கு நல்ல நெருக்கம். அந்த நாளில் நம் மக்கள் வாயில் மிஸ்ர் பேச்சுத்தான். சனங்கள் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவர் முடிச்சைப் போட்டார்.

அப்படிப் பார்த்தால் நமக்கு என்ன குறை? அரிப்பில் கடல் அரித்துத் தின்னும் ஆளுநர் நோர்த்தின் மாளிகை இருக்கிறது. முத்துக்குளிப்புக் காலத்துக் களவுகள் இருக்கின்றன. தலைமன்னாருக்கு எதிரே, 1964 புயலில் ரயிலோடு போன தனுஷ்கோடி இருக்கிறது. பிறகு 1990 ஒக்டோபர். நாம் வெளியேற்றப்பட்ட பிறகு பூட்டிய வீடுகளுக்கு என்ன நடந்தது, உறுதி யார் கையில் போனது, கிணற்றடியில் புதைத்ததை யார் எடுத்தது? இவற்றுக்குப் பதில் தெரிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி, திரும்ப எழுதச் சொன்னோம். ஒரு மாணவியின் கதையில், உம்மும்மா புத்தளத்தில் இருபது வருசம் இடுப்பில் முடிந்துவைத்திருந்த சாவி வருகிறது. ஊருக்குத் திரும்பினால் வீடு இல்லை, கதவு மட்டும் இன்னொருவர் வீட்டில் இருக்கிறது. கதவு எப்படி அங்கே போனது என்பதை அவள் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

யாருடைய வீட்டிலாவது 'அஸன்பே' பழைய பிரதி இருந்தால் சொல்லுங்கள். வகுப்பில் வாசித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.