வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் உள்ளது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரியே இதன் மையம். இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களுள் ஒன்றான இது, 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

வரலாறு

இந்த ஏரியை முதலில் காத்தவர்கள் ஊர் மக்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் வேட்டைக்கு எதிராக எழுத்து மூலமான உத்தரவும் பெற்றனர். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வழக்கம் இங்கு உண்டு.

ஏரியும் பறவைகளும்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நீர்க்கடம்பு, கருவேல மரங்கள் நீரில் நிற்கும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் கூடுகளைத் தரைவிலங்குகள் எளிதில் நெருங்க முடியாது. நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா முதலியவற்றை இங்கே காணலாம். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து போன்ற வலசைப் பறவைகளும் வந்து சேரும்.

நத்தைக்குத்தி நாரை அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்துக் கையாள ஏற்ற அமைப்பு அது. பாம்புத்தாராவின் இறகு தண்ணீரில் நன்றாக நனைந்துவிடும். அதனால் முக்குளித்து எழுந்ததும் கிளையில் அமர்ந்து இறக்கைகளை விரித்து உலர்த்தும்.

பார்வையிடல்

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டு ரோட்டிலிருந்து பிரிந்து செல்லலாம். கரை மேலுள்ள நடைபாதையில் நடந்தபடியே கூடுகளைப் பார்க்கலாம். காவற்கோபுரத்தில் ஏறினால் ஏரி முழுவதும் தெரியும். பறவைகள் இரை தேடிக் கிளம்பும் அதிகாலையும், கூடு திரும்பும் மாலையும் சிறந்த நேரங்கள். தொலைநோக்கி கொண்டுசெல்வது நல்லது. அருகிலுள்ள கரிக்கிலி சரணாலயத்தையும் சேர்த்தே பார்த்து வரலாம்.

மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி நிரம்பாது, பறவைகளும் குறைந்துவிடும். விசாரித்துவிட்டுப் புறப்பட வேண்டும். கரையில் உரக்கப் பேசுவதையும் பிளாஸ்டிக் குப்பை போடுவதையும் தவிர்ப்பது, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இந்தப் பறவைகளைக் காத்துவரும் ஊருக்குப் பார்வையாளர் செய்ய வேண்டிய மரியாதை.